பன்னிரண்டு கட்டில்கள்

அம்மா படித்த காலத்தில் தங்கியிருந்த வீடு இன்னும் நிற்கிறது என்பதை நான் ஃபேஸ்புக்கில்தான் பார்த்தேன். ஈப்போ பழைய நகரத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், மஞ்சள் பூசிய இரண்டு மாடி வீடு. பச்சை மரச் சன்னல்கள். வாசலுக்கு மேலே சுதையில் செய்த இரண்டு மயில்கள். அந்த மயில்களைப் பற்றி அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒன்றுக்கு அலகு உடைந்திருக்கும் என்பார். படத்தில் இரண்டுக்கும் அலகு இருந்தது. யாரோ பொறுப்பாகப் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீடு இப்போது தங்கும் விடுதி. பெயர் ‘டுவெல்வ் ஜாஸ்மின்ஸ்’.

அம்மா கைப்பேசியைக் கையில் வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தார்.

“பன்னிரண்டு மல்லிகையா?” என்றார். “நாங்க பன்னிரண்டு பேருதானே இருப்போம். டீச்சர் அதுக்கு மேல கட்டில் போட மாட்டாங்க. யாரோ ஞாபகம் வச்சிருக்காங்க போல.”

அன்று சாயங்காலம் முழுக்க அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் அறை பதிவு செய்தேன். இதைச் சொல்லக் காரணம், அங்கே போனபோது எங்களுக்குச் சண்டை போடும் எண்ணம் எதுவும் இல்லை என்பது தெரிய வேண்டும் என்பதுதான்.

அம்மாவின் பெயர் மாரியம்மா. சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பம். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடிந்ததும் பெண் பிள்ளைகள் அம்மாவோடு விடிகாலையில் ஆட்களை எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பெயர் கொடுத்துவிடுகிற காலம் அது. அப்போது ஈப்போவில் செல்லாச்சி என்று ஓர் ஆசிரியை இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். கணவர் இராசையா ரயில்வேயில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. அந்த வீட்டைக் கட்டியவர் அவர்தான். அவர் இறந்த பிறகு, பிள்ளை இல்லாத செல்லாச்சி டீச்சர் வீட்டு மாடியில் கட்டில்களைப் போட்டு, தோட்டத்துப் பெண்களைத் தங்கவைத்து, ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார். விடுமுறை நாளில் தோட்டம் தோட்டமாக பஸ் ஏறிப் போய், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று, பெற்றவர்களிடம் கேட்டு அழைத்து வந்தார்.

பெற்றவர்கள் லேசில் விட்டுவிடவில்லை. விட்டவர்கள் பட்ட பாடும் கொஞ்சமில்லை. “வயசுக்கு வந்த பிள்ளையை டவுன்ல ஒரு வீட்டுல கொண்டுபோய் விடுறான், அது என்ன வீடோ” என்று எங்கள் தாத்தாவின் காதுபடவே தோட்டத்தில் பேசினார்களாம். அதற்காகவே டீச்சர் அந்த வீட்டை அப்படிக் கட்டுக்காவலோடு நடத்தினார். பொழுது சாய்வதற்குள் வாசற்கதவு பூட்டப்படும். அப்பா, அண்ணன் யாராக இருந்தாலும் கீழ்க் கூடத்தைத் தாண்டி மாடிப்படியில் கால் வைக்கக் கூடாது. தாத்தா சுங்காயிலிருந்து பஸ்ஸில் அரிசி மூட்டையைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கிவைத்துவிட்டு, மகளைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாராம்.

அந்த வீட்டிலிருந்து பள்ளிக் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்துத்தான் அம்மா தாதிப் பயிற்சிக்குப் போனார். ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரியில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றார். நான் மருந்தாளர். இரண்டுக்கும் வேர் அந்த மாடியில் இருக்கிறது என்று எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும்.

சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம். வீடு உண்மையிலேயே அழகாக இருந்தது. அதை மறைப்பதில் நியாயமில்லை. தரையில் பழைய பூக்கல்லை ஒன்றுகூட மாற்றாமல் கழுவித் தேய்த்து வைத்திருந்தார்கள். நடுமுற்றத்தில் வெயில் இறங்கியது. சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. தேக்குத் தூண்களில் பழைய எண்ணெய்ப் பளபளப்பு. அம்மா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். பணிப்பெண் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. வெறுங்காலோடு கூடத்தைச் சுற்றி வந்தார். இங்கேதான் அரிசி மூட்டை இறக்குவார்கள், இங்கே ஒரு மேசை, இந்தச் சன்னலில் உட்கார்ந்துதான் கருப்பம்மாள் ஆங்கிலச் செய்யுளை உருப்போடுவாள் என்று எனக்குக் காட்டிக்கொண்டே போனார். கருப்பம்மாள் பக்கத்துக் கட்டில்காரி. பிற்பாடு சுங்காயில் தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர்.

மாடியில் எங்கள் அறையில் சிவப்புத் திரை போட்ட பெரிய கட்டில் இருந்தது. விரிப்பின் மேல் மல்லிகைப் பூக்களைத் தூவியிருந்தார்கள். சுவரில் ஒரு கொக்கியில் சலங்கை தொங்கியது. அம்மா அதைப் பார்த்துச் சிரித்தார். டீச்சருக்குப் பாட்டும் ஆகாது, ஆட்டமும் ஆகாது, படிப்பு மட்டும்தான், இதை யார் கொண்டுவந்து மாட்டியது என்றார். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சுற்றுலாக் குழு உள்ளே வந்தது. பழைய நகரக் கட்டடங்களைக் காட்டி நடத்திக் கூட்டிப்போகிற குழு. வழிகாட்டி முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க தமிழர். தர்மேந்திரன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தார். காதோரம் சின்ன மைக். அம்மா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். டீச்சரைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்கும் ஆசை.

அவர் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான். இந்த வீட்டை ஈயச் சுரங்க முதலாளி ஒருவர் தன் இன்பத்துக்காகக் கட்டினார். இந்தியாவிலிருந்து வரவழைத்த பன்னிரண்டு நாட்டியப் பெண்களை மாடியில் வைத்திருந்தார். முதலாளியின் விருந்தாளிகள் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். எந்தச் சன்னலில் விளக்கு எரிகிறதோ அந்தப் பெண் அன்றைக்குக் காத்திருக்கிறாள் என்று பொருள். அவர்கள் தலையில் வைத்த பூவின் வாசனை தெருமுனை வரைக்கும் வருமாம். இன்றைக்கும் மழை நாளில் சிலருக்கு அந்த வாசனை வருகிறதாம்.

கூட்டத்தில் ஒருவர், இருந்ததிலேயே அழகி எந்த அறையில் இருந்தாள் என்று கேட்டார். சிரித்தார்கள். தர்மேந்திரன் எழுதிவைத்ததைப் படிப்பவர்போல மேலே கை காட்டினார். அது எங்கள் அறை. பத்துப் பதினைந்து கைப்பேசிகள் அந்தச் சன்னலை நோக்கி உயர்ந்தன. அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு கண்ணாடிப் பலகை இருந்தது. நாங்கள் அதுவரை கவனிக்கவில்லை. அதே கதை அதில் பொன்னெழுத்தில் இருந்தது.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது.

மேலே போனபோது அறைக்குள் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கட்டிலிலும் உட்காரவில்லை, நாற்காலியிலும் உட்காரவில்லை. விரிப்பில் இருந்த பூவையெல்லாம் வாரிக் குப்பைக் கூடையில் போட்டிருந்தார். சலங்கை கழற்றப்பட்டுக் கதவுக்கு வெளியே கிடந்தது.

வேறு விடுதிக்குப் போலாம் என்றேன்.

“நான் எதுக்குப் போகணும்?” என்றார். குரல் உயரவில்லை. வார்டில் யாராவது தவறான மருந்தைக் கொடுத்துவிட்டால் வரும் குரல் அது என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். “ஆறு வருஷம் நான் இருந்த வீடு. எங்கப்பா அன்னிக்குத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு கேட்ட பேச்சு, தினேஸ். அதை இப்பக் கண்ணாடியில எழுதி மாட்டிருக்கானுங்க.”

நான் கீழே போய் வரவேற்பு மேசையில் நின்றேன். அங்கே இருந்த பெண்ணிடம் இந்தக் கதை பொய், மேலே இருக்கிறவர் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் என்றேன். அவள் குழம்பிப்போய், இது ஒரு கான்செப்ட்தான் சார் என்றாள். நான் என்ன சொன்னாலும் கான்செப்ட் என்றே பதில் வந்தது. கடைசியில் முதலாளிக்கு அழைத்தாள். மறுநாள் காலையில் நேரில் வருவதாக அவர் சொன்னார். பெயர் கேட்டேன். ரதீசன் என்றாள்.

இராத்திரிச் சாப்பாட்டுக்காகத் தெருமுனைக் காப்பிக் கடைக்குப் போனோம். தர்மேந்திரன் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார். நான் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். இரண்டு வருடமாக விடுதி எழுதிக் கொடுத்ததைத்தான் சொல்கிறேன், கதை எங்கிருந்து வந்தது என்று தான் கேட்டதே இல்லை என்றார். தானும் கம்பார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன்தான் என்றார். எழுதிக் கொடுத்ததை மாற்றிச் சொன்னால் குழுவை உள்ளே விடமாட்டார்கள் என்றும் சொன்னார். அம்மா இருந்த மேசையை அவர் ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை.

அம்மா அதைக் கவனிக்கவும் இல்லை. அவர் நான் சொன்ன ரதீசன் என்ற பெயரிலேயே நின்றுவிட்டார்.

“டீச்சரோட தங்கச்சி மகன்” என்றார். “லீவுக்கு வருவான். சின்னப் பையன். எங்க தட்டுலருந்துதான் சாப்பிடுவான். அவனுக்கு ஷூ லேஸ் கட்டக் கத்துக் கொடுத்ததே நாந்தான். அவனுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சிருக்கான்.”

அறைக்குத் திரும்பியதும் சுங்காய்க்கு, கருப்பம்மாளுக்கு, போன் போட்டார். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது. அம்மா நடந்ததைச் சொல்லி முடித்தார்.

“எனக்குத் தெரியும் மாரி” என்றார் கருப்பம்மாள். “ரெண்டு வருஷமாத் தெரியும்.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“என்னான்னு சொல்ல? மருமக போன்ல விடுதிக்காரங்க போட்ட வீடியோவப் பார்த்துட்டு, கல்யாண வீட்டுல நாலு பேரு முன்னால கேட்டா. ‘அத்தை, நீங்க இந்த வீட்டுலதானே தங்கிப் படிச்சீங்க?’ன்னு. அவ வேணும்னு கேக்கல. பக்கத்துல இருந்ததுங்க சிரிச்சிருச்சுங்க. அதோட, நான் அங்க இருந்தேன்னு சொல்றதையே விட்டுட்டேன். எங்க படிச்சீங்கன்னு யாராச்சும் கேட்டா, ஈப்போவுலன்னு மட்டும் சொல்வேன்.”

முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். பள்ளி மேடையில் ஏறும்போதெல்லாம் செல்லாச்சி டீச்சர் பெயரைச் சொல்லாமல் இறங்காதவர் என்று அம்மா சொல்வார். அவர் வாயை யாரோ சிலர் ஒரு கண்ணாடிப் பலகையால் அடைத்துவிட்டார்கள். எனக்கு அதுவரை இருந்தது கோபம்தான். அந்த நேரத்தில்தான் அது வெறும் கோபமாக இல்லாமல் போயிற்று. இவர்கள் பழைய வீட்டைப் புதுப்பித்தது மட்டுமில்லை. உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணிடமிருந்து அவளுடைய பள்ளிக்கூட நாட்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

காலையில் ரதீசன் வந்தார். அறுபதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதை, மெல்லிய குரல். கை கூப்பி, “மேடம், ஏதோ குறையெண்டு சொன்னவை” என்று ஆரம்பித்தார்.

அம்மா கூடத்தில் அந்தப் பலகைக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தார். “ரதி, ஷூ லேஸை இப்ப நீயே கட்டிக்கிறியா?” என்று கேட்டார்.

அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “மாரி அக்கா” என்றார். முகம் நிஜமாகவே மலர்ந்தது. எதிரில் உட்கார்ந்து, எவ்வளவு காலம், எங்கே இருக்கிறீர்கள் என்று விசாரித்தார். அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு பலகையைக் காட்டி, இது என்ன என்றார்.

ரதீசன் நீளமாகப் பேசினார். வீடு இடிந்து விழும் நிலையில் இருந்ததாம். கூரையில் மரம் முளைத்திருந்ததாம். குடும்பத்தில் ஒருவரும் கை கொடுக்கவில்லையாம். தான் ஒருவன்தான் நின்று காப்பாற்றினேன் என்றார். அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஈப்போவுக்கு வருகிறவர்கள் எல்லாம் வைப்பாட்டிகள் வாழ்ந்ததாகச் சொல்லும் சந்துக்குத்தான் போகிறார்கள், இந்தப் பக்கம் திரும்ப ஆள் இல்லை என்றார்.

“பிள்ளையள் இருந்து படிச்ச வீடு எண்டு சொன்னா ஆர் அக்கா வந்து தங்குறது? இது சும்மா ஒரு கதைதானே. ஒருத்தரின்ட பேரையும் நான் போடேல்லை. பெரியம்மாவின்ட பேரைக்கூட எடுத்திட்டன். எங்கட குடும்பத்துக்கும் ஒரு மரியாதை இருக்கல்லோ.”

அம்மா அவர் சொன்னதை மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்ப்பதுபோல இருந்தார்.

“பெரியம்மா பேரை எடுத்துட்ட” என்றார். “அவங்களைப் பத்திரமா வெளிய கூட்டிட்டு வந்துட்ட. எங்களை உள்ளயே விட்டுட்டுக் கதவைச் சாத்திட்ட.”

“உங்களை ஆர் அக்கா சொன்னது? அது ஆரோ ஆடுற பொம்பிளையள்...”

“பன்னிரண்டு எங்கருந்து வந்துச்சு ரதி?”

அவர் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கட்டிலை எண்ணித்தானே போட்ட? உனக்குப் பத்தும் வரல, இருபதும் வரல. அந்தக் கட்டில்ல யார் படுத்தாங்கன்னு உனக்குத் தெரியும். எங்க தட்டுல சாப்பிட்ட. உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு மரியாதை இருக்கு. தோட்டத்துப் பொம்பளைங்களுக்கு இல்ல, அப்படித்தானே? நெசமாவே ஆடுற பொம்பளைங்க இருந்திருந்தாக்கூட, அவங்களுக்கும் அம்மா அப்பா வச்ச பேரு இருந்திருக்கும். நீ அவங்களையும் கேவலப்படுத்திட்ட, எங்களையும் கேவலப்படுத்திட்ட.”

ரதீசனின் காது சிவந்தது. அடுத்த சீரமைப்பின்போது பார்க்கலாம் என்றார். இன்னும் இரண்டு நாள் தன் விருந்தாளிகளாகத் தங்கி, விடுதியிலேயே எண்ணெய்க் குளியலும் உடம்பு பிடிப்பதும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மா அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. ரதீசன் எழுந்து போன பிறகு என்னிடம், அடுத்த குழு எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டம் அதிகம். பாரிட் புந்தாரிலிருந்து ஒரு ஆசிரியர் குழுவும் வந்திருந்தது. தர்மேந்திரன் வாசலில் எங்களைப் பார்த்ததும் தயங்கினார். உள்ளே வந்து முற்றத்தைக் காட்டினார், தரையைக் காட்டினார், தூண்களைக் காட்டினார். பலகைக்கு முன்னால் வந்தபோது நின்றுவிட்டார். பிறகு மைக்கைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா ஆங்கிலத்தில் பேசினார். என் பெயர் மாரியம்மா. மேலே, இடப்பக்கம் இரண்டாவது சன்னலோரக் கட்டில் என்னுடையது. இந்த வீட்டில் நாட்டியப் பெண்கள் இல்லை. தோட்டத்துப் பெண்கள் இருந்தோம். ராத்திரியில் மேலே விளக்கு எரிந்தது உண்மை. நாங்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம்.

அவ்வளவுதான் சொல்ல நினைத்திருந்தார். ஆனால் ஆசிரியர்கள் விடவில்லை. யார் நடத்தியது, எப்படிச் சேர்த்தார்கள், மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டார்கள். அம்மா சொல்லத் தொடங்கினார். செல்லாச்சி டீச்சர் லயத்து வாசலில் வந்து நின்றது, தாத்தா கேட்ட ஏச்சு, ஆங்கிலப் பள்ளிக்குப் புதிதாக வந்தவர்களின் புகுமுக வகுப்பில் ஒரு வார்த்தை ஆங்கிலம் புரியாமல் கழிப்பறைக்குள் போய் அழுதது, அடுத்த வருடம் வகுப்பிலேயே கருப்பம்மாள் முதலாவதாக வந்தது. பாதியில் யாரோ கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த பாட்டின் ஒலியைக் கூட்டினார்கள். அம்மா மைக்கை வாய்க்கு நெருக்கமாக வைத்துக்கொண்டு தொடர்ந்தார். அதைக் கூட்டத்தில் ஒருவர் வீடியோ எடுத்து இணையத்தில் போட்டார். நாங்கள் ஜொகூர் பாரு போய்ச் சேர்வதற்குள் அது பல ஊர்களைச் சுற்றி வந்துவிட்டது. இரண்டு பத்திரிகைகளிலிருந்து அழைத்தார்கள்.

சில வாரம் கழித்து ரதீசனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பழைய பலகை போய், பித்தளையில் புதுப் பலகை. கீழே, ‘அக்கா, உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்’ என்று எழுதியிருந்தார். அம்மா பலகையை வாய்விட்டுப் படித்தார். இராசையா குடும்பத்தின் கொடை என்று ஆரம்பித்தது. திருமதி செல்லாச்சி இராசையா, ஆதரவற்ற ஏழைப் பெண்களுக்கு அடைக்கலம் அளித்து வாழ்வு தந்த அன்னை என்று முடிந்தது. பக்கத்தில் டீச்சரின் பெரிய படம். அதற்கும் பக்கத்தில் ரதீசனின் படம்.

அம்மாவுக்கு முதல் நாள் வந்ததைவிட அன்றுதான் கோபம் அதிகம் வந்தது என்று நினைக்கிறேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைக்காமலே கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார்.

“ஆதரவு இல்லாதவங்களா நாங்க? எங்கம்மா விடிகாலையில எந்திரிச்சுப் பால்மரம் வெட்டி, மத்தியானம் புல்லு வெட்டி எனக்கு அனுப்புனாங்க. எங்கப்பா அரிசி சுமந்துட்டு வந்தாரு. டீச்சரே அப்படிச் சொல்ல மாட்டாங்க. ‘உங்க பெத்தவங்க வேர்வையிலதான் படிக்கிறீங்க, ஞாபகம் இருக்கட்டும்’னு அவங்கதான் தினமும் சொல்வாங்க. அசிங்கமா இருந்தப்ப வீடு எங்களோடதா இருந்துச்சு. பேரு வந்ததும் வீடு அவங்களோடது ஆயிருச்சு.”

ரதீசனுக்கு அன்றே இதைச் சொன்னார். பித்தளையில் வார்த்தாகிவிட்டது, இனி மாற்றுவது ரொம்பச் சூசா, கஷ்டம் என்று பதில் வந்தது. நல்லது செய்தாலும் திருப்திப்படுத்த முடியவில்லை என்று ஒரு வரி கூடவே வந்தது. அதன் பிறகு அம்மா அவரோடு எழுத்தில் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அடுத்த விடுமுறைக்குச் சுங்காய் போனோம். கருப்பம்மாள் எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, அம்மா பேசிய வீடியோவைத் தன் மருமகள் நிரோஷாதான் கொண்டுவந்து காட்டினாள் என்றார். அத்தனை வருடமும் அத்தையிடம் இதையெல்லாம் கேட்டதே இல்லையே என்று அந்தப் பெண் அழுதாளாம். நிரோஷாவே வண்டியை எடுத்தாள். நான்கு பேரும் ஈப்போ போனோம். வழி நெடுக இரண்டு கிழவிகளும் பின்னால் உட்கார்ந்து பழைய ஆங்கிலப் பாடத்தை ஆளுக்கு ஒரு வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். மறந்த இடத்தில் சண்டை போட்டார்கள்.

தர்மேந்திரனை விடுதி இப்போது உள்ளே விடுவதில்லை. மைக்கைக் கொடுத்ததற்குத் தண்டனை. அவர் குழுவை எதிர்ப்பக்கத்துக் கடைவரிசை நிழலில் நிறுத்தி, தெருவைத் தாண்டி வீட்டைக் காட்டுகிறார். இராசையா கட்டிய வீடு என்கிறார், செல்லாச்சி டீச்சரைச் சொல்கிறார், பெண்கள் எந்தெந்தத் தோட்டத்திலிருந்து வந்தார்கள் என்பதைச் சொல்கிறார். எனக்கு அவர் மேல் இருந்த கசப்பு அன்றைக்குப் பாதி போயிற்று. மீதி இன்னும் இருக்கிறது. இரண்டு வருடம் அதே வாயால்தான் மற்றதையும் சொன்னார்.

அன்று அவர் பேசி முடித்ததும் கருப்பம்மாள் முன்னால் வந்தார். நல்ல சேலை, தோளில் கைப்பை, பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்தவர்போல. அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில், எந்த ஒலிபெருக்கியும் இல்லாமல், தன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொன்னார். நான் இந்த வீட்டில் இருந்து படித்தேன் என்றார். அதை முதலில் ஆங்கிலத்திலும், பிறகு மலாயிலும், கடைசியாகத் தமிழிலும் சொன்னார். நிரோஷா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ரதீசன் வாசலுக்கு வந்தார். தெருவில் இத்தனை பேர் நின்று தன் வீட்டைக் காட்டிப் பேசுவது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். சாலையைத் தாண்டி வந்து, இரண்டு பேரையும் அக்கா என்று அழைத்து, வெயிலில் ஏன் நிற்கிறீர்கள், உள்ளே வந்து குளிரூட்டிய அறையில் இருந்து பேசலாம் என்றார்.

“பலகையை மாத்து ரதி” என்றார் கருப்பம்மாள். “அப்புறம் உள்ள வாரோம்.”

அவர் அம்மாவைப் பார்த்தார். தர்மேந்திரனின் குழுவில் ஒரு பெண், மேலே எந்தச் சன்னல் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அவள் பக்கம் திரும்பிக் கை நீட்டிக் காட்டினார்.

நான் இதை எழுதும்வரை பித்தளைப் பலகை அப்படியேதான் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிரோஷா தன் அத்தையை ஈப்போவுக்குக் கூட்டிப்போகிறாள். பன்னிரண்டில் இன்னும் இரண்டு பேர் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவர் லகாட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். நடக்க முடியாது. சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கொண்டுவந்தால் போதும், வாய் நன்றாக இருக்கிறது என்று கருப்பம்மாள் சொன்னாராம்.